தும்பாவும் தொழிற்பெருக்கமும்

திருவனந்தபுரம் என்றதும் பத்மநாபசுவாமி கோயிலும், தமிழ் வணிகர் பலர் கடை வைத்து வாழ்ந்த சாலைக் கடைத்தெருவும் நம் நினைவுக்கு வருகின்றன. நகருக்கு வடமேற்கே கடலோரத்தில் உள்ள தும்பாவையும் அவற்றோடு சேர்த்து எண்ணுதல் தகும். சிறிய அளவில் ஒன்றைச் செம்மையாகச் செய்யக் கற்ற நிறுவனம், அதனையே பேரளவில் செய்யும் திறனை எங்ஙனம் பெறுகிறது? இவ்வினாவுக்கு இந்நாட்டில் இதனினும் தெளிவான விடை நமக்குக் கிட்டவில்லை.

பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால் விஞ்ஞானிகள் தும்பாவை நாடினர். மீனவக் குடும்பங்கள் தம் நிலத்தை விட்டு அகன்றன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா இசைவளிக்க, மரிய மகதலேனாள் தேவாலயம் பணிக்கூடமாயிற்று. அம்மக்களின் ஈகையை இவ்வரலாற்றின் முதல் மூலதனம் என்றே நாம் கொள்வோம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து எழுந்த முதல் ராக்கெட்டு அமெரிக்காவில் செய்யப்பட்டது. அதனைப் பொருத்தி ஆயத்தம் செய்தோருள் இராமேசுவரத்து அப்துல் கலாமும் ஒருவர்.

1967இல் நம்மவர் தாமே செய்த ரோகிணி ராக்கெட்டின் குறுக்களவு 75 மில்லிமீட்டரே. பின்னர் வந்த எஸ்.எல்.வி.-3 ஒரு மீட்டர் குறுக்களவு உடையது, பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கோ 2.8 மீட்டர். சிறியதைப் பன்மடங்கு பெருக்கினால் பெரியது வந்துவிடும் என எண்ணுதல் பிழை. திட எரிபொருள் பெருந்திரளாக இறுகும்போது விரிசல் ஒன்று கண்டால், எரியும் பரப்பு மிகும், அழுத்தம் ஏறும், கூடே பிளந்துவிடும். ஆதலின் பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கை ஐந்து துண்டங்களாக வார்த்து, பின்னர் இணைக்கின்றனர்.

ராக்கெட்டு மட்டும் வளர்ந்தால் போதுமா? எரிபொருளுக்கு வேண்டிய அம்மோனியம் பெர்குளோரேட்டைச் செய்ய ஆலுவாயில் ஆலை எழுந்தது. உறுதிமிக்க தனி எஃகை ஐதராபாத்தின் மிதானி உருக்கித் தந்தது. கூடுகளைச் செய்யும் கலையை லார்சன் அண்ட் டூப்ரோ, வால்சந்த்நகர் ஆகிய தனியார் ஆலைகள் பயின்றன. பணத்தைக் கொட்டி ஓராண்டில் பெறத்தக்க திறன் அன்று இது. பிற ஆலைகளுக்குக் கற்பிக்கும் பொறுமையே தும்பாவின் தனிச்சிறப்பு என்பது நம் கருத்து.

விழுதலும் உண்டு. 1979 ஆகஸ்டு 10 அன்று எஸ்.எல்.வி.-3 கடலில் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று ரோகிணித் துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. ஏ.எஸ்.எல்.வி. 1987, 1988 ஆகிய ஈராண்டும் தோற்று, 1992இல்தான் வென்றது. 1993இல் முதல் பி.எஸ்.எல்.வி.யும் தவறியது. ஒவ்வொரு முறையும் காரணத்தைத் துருவிக் கண்டு, திருத்திய பின்னரே அடுத்ததை ஏவினர். சுமார் 40 கிலோ எடையில் தொடங்கியவர்கள், 1994 அக்டோபர் 15 அன்று 804 கிலோ எடையுள்ள துணைக்கோளை மேலேற்றினர்.

2022இல் ஐந்து பி.எஸ்.எல்.வி.களை முழுமையாகச் செய்து தரும் பணி இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், லார்சன் அண்ட் டூப்ரோ கூட்டமைப்புக்கு அளிக்கப்பட்டது. உறுப்புகளைச் செய்து வந்த கைகள் முழு வாகனத்துக்கும் பொறுப்பேற்றன. தும்பாவின் பழைய தேவாலயமோ இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது.