கொள்ளைநோயும் நாடுகளின் கூட்டுறவும்

வெளிச்சவீட்டின் ஒளியை ஒரு கப்பல் பயன்படுத்துவதனால் மற்றொன்றுக்கு அது குறைவதில்லை. கட்டணம் செலுத்தாத கப்பலுக்கு அவ்வொளியை மறைத்தலும் இயலாது. இத்தகையவற்றைப் பொருளியலார் பொதுப்பண்டம் என்பர். கொள்ளைநோயினின்றும் விடுதலை பெறுதல் உலகம் முழுவதற்கும் உரிய பொதுப்பண்டமாகும். ஆயினும், அதனை ஆக்கும் பொறுப்பைப் பிறர்மேற் சுமத்திவிட்டுப் பயனை மட்டும் துய்க்க விழைதல் அரசுகளின் இயல்பு. இவ்வியல்பை வெல்லுதற்கு நெடுங்காலம் சென்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி ஐரோப்பாவைப் பன்முறை தாக்கிற்று. ஒவ்வொரு துறைமுகமும் தான் வேண்டியவாறு கப்பல்களைத் தடுத்து வைத்தமையால் வாணிகம் இடருற்றது. ஆகவே, 1851ஆம் ஆண்டிற் பாரிஸ் மாநகரில் முதலாவது சர்வதேச சுகாதார மகாநாடு கூடிற்று. பன்னிரண்டு அரசுகள் தத்தமக்கென ஒரு மருத்துவரையும் ஓர் இராசதந்திரியையும் அனுப்பின. நிலையான பயன் விளையவில்லை. நோயின் காரணம் தெளியப்படாமையே தடையெனின், அத்தடை 1884இல் நீங்கியிருத்தல் வேண்டும். எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்த ரொபேட் கொக் நோய்க்கிருமியை அப்போது எடுத்துக்காட்டினார். எனினும், மறு ஆண்டு உரோமாபுரியிற் கூடிய மகாநாட்டிற் பிரித்தானியத் தூதுக்குழு அம்முடிபை ஏற்கவில்லை. சூயஸ் வழியே இந்தியாவுக்குச் சென்றுவந்த கப்பல்களின் நலனே அதற்குப் பெரிதாயிருந்தது. முதற் சமவாயம் 1892இலேயே வெனிஸ் நகரிற் கைச்சாத்தாயிற்று. அறிவு மட்டும் கூட்டுறவை விளைவிக்காது என்பதற்கு இந்நாற்பத்தோராண்டுகள் சான்றாகும்.

உலக சுகாதார தாபனம் 1948இல் தோன்றியபின் நிலைமை மாறலாயிற்று. பெரியம்மையை உலகினின்றும் ஒழித்தல் வேண்டுமென 1958இற் சோவியத் பிரதிச் சுகாதார அமைச்சர் விக்தர் ஸ்தானோவ் முன்மொழிந்தார். 1967இற் தீவிரமாக்கப்பட்ட அம்முயற்சியை நடத்தியவர் அமெரிக்கரான டொனால்ட் ஹென்டர்சன். பகைமை பாராட்டிய இரு வல்லரசுகளும் அம்மைப்பாலை நன்கொடையாக வழங்கின. நோய் கண்ட இடத்தைத் தேடிச் சூழவுள்ளோர்க்கு அம்மை குத்தும் முறை கைக்கொள்ளப்பட்டது. 1977இற் சோமாலியாவில் இயற்கையாய்ப் பரவிய இறுதி நோய் காணப்பட்டது. 1980 மே 8ஆம் நாள் பெரியம்மை ஒழிந்ததென உலக சுகாதார மகாசபை பிரகடனஞ் செய்தது.

இவ்வெற்றி கொவிட்-19 காலத்தில் ஏன் மீண்டும் வாய்க்கவில்லை? நோயின்மை பொதுப்பண்டமே, ஆனால் அதனைத் தரும் தடுப்பூசி, அருகியிருக்குங்கால், ஒருவர் எடுக்க மற்றவர்க்குக் குறையும் பண்டம். அம்மைப்பால் மலிவானது, வறிய நாடுகளிலேயே ஆக்கத்தக்கது. கொவிட் தடுப்பூசியையோ செல்வ நாடுகள் உற்பத்தியாளரிடம் முற்கூட்டியே ஒப்பந்தஞ் செய்து பெற்றுக்கொண்டன. 2021ஆம் ஆண்டு முடிவதற்குள் 200 கோடி ஊசிகளை வழங்கக் கருதிய கோவக்ஸ் திட்டம், அவ்வாண்டிற் பாதியையும் எட்டவில்லை.

2025 மே 20ஆம் நாள் உலக சுகாதார மகாசபை கொள்ளைநோய் உடன்படிக்கையொன்றை ஏற்றுக்கொண்டது. அதன் பெறுமதி சொற்களாலன்றி, அடுத்த நோய் வருங்கால் அருகிய மருந்தை நாடுகள் பங்கிடும் முறையாலேயே அளக்கப்படும். பொதுப்பயனை விரும்புவோர் அதற்கான பொருளையும் பொதுவில் வைத்தல் வேண்டும் என்பதே வரலாறு உணர்த்தும் பாடமாகும்.