சிறுமையிலும் வியப்பு உண்டு: செராம்பூர்த் தோட்டம் சொல்லும் செய்தி

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வியப்பை ‘மருட்கை’ என்கிறது. அது பிறக்கும் களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கைச் சுட்டுகிறது. இதுவரை காணாததும் மிகப் பெரியதும் மட்டுமல்ல, மிக நுண்ணியதும், ஒன்று மற்றொன்றாக மாறி வளர்வதும் மனிதரை வியக்கவைக்கும் என்பது அதன் கணிப்பு.

நம் திருச்சபைகளின் சாட்சி நேரங்களில் முதல் இரண்டுக்கே இடம் மிகுதி. தீராத நோய் தீர்ந்தது, எதிர்பாராத வேலை கிடைத்தது என்பவற்றையே அற்புதம் என்கிறோம். அப்படி எதுவும் நிகழாத ஒரு திங்கட்கிழமைக் காலையில் தேவனுடைய கிரியையை எங்கே காண்பது? இக்கேள்விக்கான ஒரு விடை, வங்காளத்தின் ஹூக்ளி ஆற்றங்கரையில் இருந்த ஒரு தோட்டத்தின் வரலாற்றில் கிடைக்கிறது.

வில்லியம் கேரி 1793இல் இந்தியா வந்தார். 1800 முதல் டேனிஷ் ஆட்சிக்குட்பட்ட செராம்பூரில் வாழ்ந்தார். வேதாகம மொழிபெயர்ப்பாளராகவே அவரை நாம் அறிவோம். ஆனால் அங்கே ஏறத்தாழ ஐந்து ஏக்கரில் அவர் ஒரு தாவரவியல் தோட்டத்தையும் வளர்த்தார். லின்னேயஸ் வகுத்த முறைப்படி செடிகள் வகை வகையாக நடப்பட்டிருந்தன. காலையில் அவர் தனித்து ஜெபிக்கும் இடமும் அதுவே. ஜெபமும் செடிகளை உற்று நோக்குதலும் அவருக்கு ஒரே இடத்தில் நிகழ்ந்தன.

ஒருமுறை இங்கிலாந்திலிருந்து ஒரு பையில் விதைகள் வந்தன. அவற்றை எடுத்தபின், வெறும் பையைத் தோட்டத்தின் நிழலான மூலையில் உதறினார். சில நாட்களில் அங்கே ஏதோ முளைத்தது. பார்த்தால், அவருடைய நாட்டுப் புல்வெளிகளில் எவரும் மிதித்துச் செல்லும் டெய்சிப் பூ! அதன்பின் ஆண்டுதோறும் அதன் விதையைச் சேர்த்து மீண்டும் விதைத்து, வங்கத்து வெயிலில் அதைக் காத்துவந்தார். சிறுமையும் ஆக்கமும் ஒருங்கே அமைந்த வியப்பு இது. பையை உதறிய இடத்தை மறுபடியும் சென்று பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கே அது வாய்க்கும்.

இது துயரறியாத மனிதரின் பொழுதுபோக்கு என்று கருதலாகாது. 1794இல் அவருடைய சிறு மகன் பீட்டர் இறந்தான். மனைவி டோரதி மனநலம் குன்றி, 1807இல் இறக்கும்வரை துன்புற்றார். 1812 மார்ச்சில் அச்சகம் தீப்பற்றியது. பல ஆண்டுகள் உழைத்து எழுதிய அகராதி, இலக்கணக் கையெழுத்துப் படிகள் சாம்பலாயின. 1823இல் வெள்ளம் புகுந்து தோட்டத்தையே அழித்தது. எரிந்தவற்றில் பலவற்றை மீண்டும் எழுதினார். அழிந்த தோட்டத்தை மீண்டும் நட்டார். வியப்பு அவருக்கு ஓர் உணர்ச்சியாக மட்டும் இருந்திருந்தால் இந்த இழப்புகளில் ஒன்றே அதை அணைத்திருக்கும். அது ஒழுக்கமாகிவிட்டதால்தான் நிலைத்தது.

ராக்ஸ்பர்க் எழுதிய ‘ஃபுளோரா இண்டிகா’ என்னும் தாவரநூலை 1832இல் கேரி செராம்பூரில் பதிப்பித்தார். கர்த்தருடைய கிரியைகள் அவரைத் துதிப்பதைச் சொல்லும் சங்கீத வரியை அதன் முகப்பில் பொறித்தார். முகப்பைத் தாண்டினால் இலை, காம்பு, மகரந்தம் பற்றிய நுணுக்கமான விவரிப்புகள்தாம். அந்த நுணுக்கமே துதியின் ஒரு வடிவம் என்பதை அம்முகப்பு வரி உணர்த்துகிறது.

மொழியியல் பயின்ற எனக்கு இன்னொன்றும் புலப்படுகிறது. 1801இல் அவர் பெயரில் வெளிவந்த ‘கதோபகதன்’ என்னும் வங்காள உரையாடல் நூலில் கூலியாட்களின் பேச்சும் பெண்களின் சண்டைச் சொற்களும் இடம்பெற்றுள்ளன. கற்றோர் ஏட்டில் ஏற்றத் தயங்கிய பேச்சு அது. புல்வெளிப் பூவை நோக்கிய அதே கவனம் தெருப்பேச்சின் மீதும் திரும்பியிருக்கிறது.

இவ்வரலாற்றுக்கு ஒரு நிழலும் உண்டு. அக்காலத் தாவரவியல் கம்பெனியின் வணிகத்தோடு பிணைந்திருந்தது. கேரியின் மொழிப்பணி ராம்ராம் பாசு, மிருத்யுஞ்ஜய வித்யாலங்கார் போன்றோரின் புலமையின்மீது நின்றது. தோட்டத்தில் மண் கொத்திய மாலிகளின் பெயர்கள் எந்த முகப்பிலும் இல்லை. படைப்பைக் கண்டு வியக்கும் கண், அப்படைப்பைப் பேணும் கைகளைக் காணாவிடில் அந்த வியப்பு பாதியே.

கேரி 1834 ஜூன் 9 அன்று மறைந்தார். தமக்குப் பின் மார்ஷ்மன் தோட்டத்தில் மாடுகளை விட்டுவிடுவாரோ என்று இறுதி நாட்களில் கவலைப்பட்டார். தாவரங்களில் ஈடுபாடு இல்லாத மார்ஷ்மனோ அதைக் காப்பது தம் புனிதக் கடமை என்று உறுதியளித்தார். வியப்பது எல்லோருக்கும் இயல்பாக வருவதில்லை. ஆனால் வியப்புக்குரியதைக் காக்கும் பொறுப்பை எவரும் ஏற்கலாம்.

உங்கள் தெருவில் நிற்கும் ஒரு மரத்தின் பெயர், அதைச் சுற்றிக் கூட்டும் தூய்மைப் பணியாளரின் பெயர்: இவ்விரண்டையும் இந்த வாரம் கேட்டறிந்து, இரண்டையும் ஜெபத்தில் சொல்லிப் பாருங்கள். மருட்கையின் மூன்றாம், நான்காம் களன்கள் அங்கிருந்தே தொடங்குகின்றன.