வீடா, வண்டியா? மோட்டார் ஹோம் வாழ்க்கையின் நூறு வருடக் கதை

யூடியூபில் 'வான் லைஃப்' என்று தேடினால் வருகிற காட்சிகள் எங்களில் கனபேருக்குப் பழக்கம். பின்கதவு திறந்திருக்கும், வெளியே கடல், உள்ளே வெள்ளைப் போர்வை, ஒரு கோப்பைக் கோப்பி. அந்த ஹேஷ்டாக்கை 2011இல் தொடக்கிவைத்தவர் ஃபொஸ்டர் ஹண்டிங்டன் என்ற அமெரிக்கர். படங்கள் வடிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று விஷயங்கள் அந்தப் படங்களுக்குள் வராது. கழிவுத் தாங்கியை எங்கே கொண்டுபோய் வெறுமையாக்குவது? கடிதம் எந்த விலாசத்துக்கு வரும்? இரவு பதினொரு மணிக்குப் பொலிஸ் தட்டினால், அது தட்டுவது வீட்டுக்கதவையா, வண்டிக்கதவையா? இந்த மூன்றாவது கேள்வியை அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டாக இழுத்துக்கொண்டு திரிகிறார்கள். அந்தக் கதைதான் எங்களை இழுத்தது.

ஆரம்பம் பணக்காரர்களுடையது. 1915இல் ரோலண்ட் கொங்க்ளின் என்ற பஸ் கம்பனி முதலாளி, தன் குடும்பத்தோடு நியூயோர்க் பக்கமிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டார். அதற்கென்றே கட்டிய பஸ்ஸுக்குள் சமையலறையும் படுக்கைகளும் மின்பிறப்பாக்கியும் இருந்தன. அதற்கு வைத்த பெயர் 'ஜிப்சி வான்'. ஐரோப்பாவில் ரோமா மக்களை, வண்டியில் வாழ்கிறார்கள் என்பதையே குற்றமாக்கி ஊர் ஊராகத் துரத்திய காலம் அது. அதே வாழ்க்கையை ஒரு முதலாளி விடுமுறைக்கு வாழ்ந்தபோது பத்திரிகைகள் வாயைப் பிளந்து எழுதின.

ஃபோர்ட் மொடல் டியின் புண்ணியத்தில் சாதாரண ஆக்களும் ரோட்டுக்கு வந்தார்கள். 1919இல் புளோரிடாவின் டாம்பா நகரப் பூங்காவொன்றில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தவர்கள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகரப்பேணியை ஒட்டிவைப்பதுதான் அடையாளம். கடைத்தெருவுக்கு ஆள் வரும் என்ற ஆசையில் நகரசபைகள் முதலில் இலவசமாக முகாம் இடம் கொடுத்தன. வந்தவர்களில் காசில்லாதவர்களும், போகாமல் அங்கேயே இருந்துவிடுகிறவர்களும் கூடத் தொடங்கியதும், 1920களின் நடுவில் கட்டணம் வைத்தார்கள். கட்டணம் இடத்தைப் பராமரிக்க மட்டுமல்ல, ஆளைப் பிரித்தெடுக்கவும்தான். கறுப்பின மக்களுக்குக் கனவிடங்களில் காசு கொடுத்தாலும் இடம் கிடையாது. எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று அவர்களுக்கு வழிகாட்ட 1936இல் 'கிறீன் புக்' என்ற தனிக் கைநூலே வரவேண்டியிருந்தது. 'திறந்த வீதி' என்று அமெரிக்கர்கள் பாடுகிற வீதி எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை.

1929இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு கதை மாறுகிறது. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் ட்ரெய்லர், வீட்டை இழந்தவர்களுக்கு வீடானது. 1936இல் ஏர்ஸ்ட்ரீம் கம்பனி 'கிளிப்பர்' என்ற பளபளக்கிற அலுமினிய ட்ரெய்லரை விற்பனைக்கு விட்டது. இருபது வருடத்துக்குள் அமெரிக்காவின் பாதிச் சனம் ட்ரெய்லரில்தான் வாழும் என்று ரோஜர் பாப்சன் என்ற பொருளாதாரக் கணிப்பாளர் அந்தக் காலத்தில் ஆரூடம் சொன்னார். அது பலிக்கவில்லை. ஆனால் அப்பிடிச் சொன்னதைப் பெரிய பெரிய ஆக்கள் நம்பினார்கள் என்பதிலிருந்தே அந்த நேரத்து நிலைமை விளங்கும்.

அதே 1936இல், மிச்சிகனில் ஒரு ஏரிக்கரையில் ட்ரெய்லரை நிறுத்தி வாழ்ந்த ஒருவர்மேல் வழக்குப் போட்டார்கள். உள்ளூர்க் கட்டட விதிகளை மீறினார் என்பது குற்றச்சாட்டு. சில்லில் நிற்கிற ஒரு வண்டிக்குக் கட்டட விதி எப்படிப் பொருந்தும்? மனிதர் வாழ்கிறபடியால் அது குடியிருப்புத்தான், ஆகவே கட்டட விதிகளுக்கு உட்பட்டதுதான் என்று நீதவான் தீர்ப்புச் சொன்னார். கேட்க நல்லாத்தான் இருக்கும், வண்டியை வீடு என்று ஒத்துக்கொண்டார்களே என்று. ஆனால் வீடு என்றால் வீட்டுக்குரிய அளவும் வசதியும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சட்டவிரோதம், எடுத்துக்கொண்டு போ. அந்த மனிசனை எழுப்புவதற்காகத்தான் அவருடைய வண்டி வீடாக்கப்பட்டது.

போர் வந்ததும் அரசாங்கத்துக்கு இந்தச் சந்தேகமெல்லாம் பறந்துவிட்டது. ஆயுதத் தொழிற்சாலைகளைச் சுற்றி வந்து குவிந்த தொழிலாளர்களைக் குடியமர்த்த அரசாங்கமே ஆயிரக்கணக்கில் ட்ரெய்லர் வாங்கியது. போர் முடிந்த பிறகும் வீட்டுத் தட்டுப்பாட்டால் சனம் அதிலேயே இருந்தது. 1954 அளவில் பத்தடி அகல ட்ரெய்லர் சந்தைக்கு வந்தபோது பாதை இரண்டாகப் பிரிந்தது. அந்தக் காலத்தில் எட்டடிக்கு மேல் அகலமானதை வழமையாக ரோட்டில் இழுக்கமுடியாது. ஆகவே அகலமானது ஒரு காணியில் போய் நிரந்தரமாக நின்று, பெயரில் மட்டும் 'மொபைல் ஹோம்' ஆனது. ஒடுங்கியது ரோட்டிலேயே இருந்தது.

இனித்தான் மோட்டார் ஹோம் வருகிறது. 1958இல் மிச்சிகனின் பிறவுண் சிற்றியில் ரேமண்ட் ஃபிராங்க் என்பவர் தன் குடும்பத்துக்காக எஞ்ஜினும் வீடும் ஒன்றாகச் சேர்ந்த வண்டி ஒன்றைச் செய்தார். பார்த்தவர்கள் எல்லாம் கேட்க, சில வருடங்களில் அது வியாபாரமானது. 'மோட்டார் ஹோம்' என்ற பெயரைப் பரப்பியதும் அவர்தான். 1966இல் அயோவா மாநிலத்து வின்னபேகோ கம்பனி தொழிற்சாலை வரிசையில் வைத்து மலிவாகச் செய்யத் தொடங்கியது. பிறகு அமெரிக்காவில் எந்த மோட்டார் ஹோமைக் கண்டாலும் 'வின்னபேகோ' என்கிற நிலை வந்தது, நாங்கள் பிரதி எடுக்கிற மெஷினை ரோணியோ என்ற மாதிரி.

அந்தப் பெயரில் கொஞ்சம் நிற்கவேண்டும். கம்பனிக்கு அது இருந்த மாவட்டத்தின் பெயர், மாவட்டத்துக்கு ஒரு பழங்குடியின் பெயர். ஹோ-சங்க் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அந்த மக்களை அமெரிக்க அரசு 19ஆம் நூற்றாண்டில் விஸ்கொன்சினிலிருந்து அயோவாவுக்கும், அங்கிருந்து மினசோட்டாவுக்கும், 1863இல் டக்கோட்டாவுக்கும் கலைத்தது. அங்கிருந்து தப்பியவர்கள் நெப்ராஸ்காவுக்குப் போனார்கள். இத்தனை தரம் இடம்பெயர்க்கப்பட்ட மக்களின் பெயர், விரும்பி ஊர் மாறுவதற்கான ஒரு வண்டியின் பெயராக முடிந்தது. எங்கட ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, அதுக்குள்ள இருந்து பார்த்தால் வாழ்க்கை எப்பிடி? முழுநேரமாக வாழ்கிறவர்கள் எழுதிவைத்ததை வாசித்தால், சூரிய அஸ்தமனத்தைவிடத் தாங்கிகளைப் பற்றித்தான் கூட இருக்கும். நல்ல தண்ணிக்கு ஒரு தாங்கி, சமையலறையிலும் குளியலிலும் வருகிற 'சாம்பல் தண்ணி'க்கு ஒன்று, மலசலத்துக்கு ஒரு 'கறுப்புத் தாங்கி'. கறுப்புத் தாங்கியின் வால்வைத் திறந்தபடி விடக்கூடாது, தண்ணி ஓடிவிடும், மிச்சம் அடியில் இறுகிவிடும். நிரம்ப விட்டுத்தான் திறக்கவேண்டும். முதலில் கறுப்பு, பிறகு சாம்பல், அப்போதுதான் சவர்க்காரத் தண்ணி குழாயைக் கழுவிக்கொண்டு போகும். குளிப்பதென்றால் உடம்பை நனைத்து, தண்ணியை நிறுத்தி, சவர்க்காரம் போட்டு, மறுபடி திறந்து கழுவுவது. பவுசருக்குக் காத்திருந்து வாளித் தண்ணியில் குளித்த எவரும் ஒரு நாளில் பழகிவிடுவார்கள்.

மின்சாரமும் அப்பிடித்தான். முகாம்களில் கிடைக்கும் 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாற்றைத்தான் தரும். குளிரூட்டி ஓடும்போது மைக்ரோவேவையும் கேத்தலையும் போட்டால் இருட்டு. பழைய வகைக் குளிர்சாதனப்பெட்டி வாயுவிலும் ஓடும், ஆனால் உள்ளேயிருக்கிற அமோனியாக் கரைசல் ஈர்ப்பால் வழிந்து ஓடவேண்டும் என்பதால் வண்டி மட்டமாக நிற்கவேண்டும். அதனால்தான் எங்கே நிறுத்தினாலும் முதல் வேலை சில்லுக்கு அடியில் பலகை வைப்பது. குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்கும். ஹீட்டரைப் போட்டுக் கதவைச் சாத்தினால் மூச்சுக்காற்றின் ஈரம் சுவரில் வழிந்து பூஞ்சணம் பிடிக்கும். ரயர் தேய்ந்து முடிய முன்னமே வெயிலில் வெடித்துவிடும். இவற்றில் கனக்க வண்டிகள் விடுமுறைக்குப் பாவிப்பதற்கென்று கட்டப்பட்டவை. வருடம் முழுக்க அதில் வாழ்ந்தால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதிவைத்த தயாரிப்பாளர்களும் உண்டு.

தாங்கியைவிடப் பெரிய பிரச்சினை விலாசம். அமெரிக்காவில் சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வங்கிக் கணக்கு, வாக்கு எல்லாம் ஒரு விலாசத்தில் தொங்குகின்றன. நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி என்று இரண்டு கட்டம் போட்ட படிவத்தில் எதை எழுதுவதென்று தெரியாமல் பேனையோடு இருந்த குடும்பங்கள் எங்கட பக்கத்திலும் கொஞ்சநஞ்சமல்ல. கிராம சேவகரிடம் வதிவிடக் கடிதத்துக்கு அலைந்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. அங்கே இதற்கு வழி கண்டது ஜோ பீற்றர்சன், கே பீற்றர்சன் என்ற தம்பதியர். ட்ரெய்லரில் முழுநேரமாக வாழ்ந்த இருவரும் 1978இல் 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கத்தைத் தொடக்கினார்கள். டெக்சாஸின் லிவிங்ஸ்டன் என்ற சின்ன ஊரில் இருக்கிற அதன் தபால் நிலையம் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம் கொடுத்து, கடிதங்களைச் சேர்த்து, அவர் நிற்கிற இடத்துக்கு அனுப்புகிறது. அந்த இலக்கம்தான் ஆயிரக்கணக்கானோரின் சட்டபூர்வ வீடு. அந்த மாநிலத்தில் வருமான வரி இல்லை என்பதும் ஒரு வசதி. 'ஊரில் இல்லாதவர்கள் எங்கட தேர்தலில் எப்படி வாக்குப் போடலாம்' என்று உள்ளூரில் சிலர் வழக்கு வரை போனார்கள். தெற்கு டக்கோட்டாவில் ஒரு இரவு தங்கிய பற்றுச்சீட்டைக் காட்டினாலே சாரதி அனுமதிப்பத்திரம் கிடைக்கும். வாக்குக்கு மட்டும் 30 நாள் அந்த மாநிலத்தில் வாழ்ந்திருக்கவேண்டும் என்று 2023இல் சட்டம் கொண்டுவந்தார்கள். வரியும் காப்புறுதியும் கட்டும்போது நீ எங்கட ஆள், வாக்கென்று வந்தால் நீ யார் என்ற கதைதான்.

இப்போது அந்தப் பொலிஸ் தட்டும் கதவுக்கு வருவோம். 1985இல் கலிபோர்னியா எதிர் கார்னி என்ற வழக்கில் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஒரு மோட்டார் ஹோமைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. சான் டியேகோ நகரத் தரிப்பிடமொன்றில் நின்ற வண்டியைப் பிடியாணை மாதிரியான எந்த நீதிமன்றக் கட்டளையும் இல்லாமல் பொலிஸ் சோதனையிட்டிருந்தது. வீடு என்றால் அப்படிச் செய்யமுடியாது. உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தாலும், உடனே ஓட்டிக்கொண்டு போகக்கூடியது என்பதால் அது வண்டிதான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். அதேநேரம், படுக்க, சமைக்க, மலசலம் கழிக்க வசதி இருந்தால் அந்த வண்டியை 'வீடு' என்று காட்டிக் கடன் வட்டிக்கு வரிக்கழிவு எடுக்கலாம் என்கிறது வரித் திணைக்களம். கடன் எடுத்து வாங்கக்கூடியவனுக்கு வீடு, ரோட்டில் நிறுத்திப் படுக்கிறவனுக்கு வண்டி. 1936இல் மிச்சிகன் நீதவான் சொன்னதற்கு நேரெதிரான விடை, ஆனால் இரண்டு தரமும் தோற்றது உள்ளே படுத்திருந்தவர்தான்.

2008 வீட்டுக்கடன் நெருக்கடிக்குப் பிறகு இப்படிப் படுக்கிறவர்களின் தொகை கூடியது. வயதானவர்கள் வண்டியில் வாழ்ந்துகொண்டு, நத்தாருக்கு முன் அமேசன் களஞ்சியங்களிலும், ஒக்ரோபரில் வடக்கு டக்கோட்டா பீற்கிழங்கு அறுவடையிலும், கோடையில் முகாம்களிலும் வேலை செய்ததை ஜெசிக்கா புரூடர் 'நோமாட்லாண்ட்' என்ற நூலில் 2017இல் எழுதினார். குளோயி சாவோ எடுத்த படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் வாங்கியது. படத்தைப் பார்த்தவர்கள் புத்தகத்தையும் வாசிக்கவேண்டும் என்பது எங்கட எண்ணம். படத்தில் அமேசன் களஞ்சியம் சும்மா ஒரு வேலைத்தளமாக வந்துபோகிறது, புத்தகத்தில் அந்த வேலை வயதான உடம்பை என்ன செய்கிறது என்று இருக்கிறது.

நகரங்களும் சும்மா இருக்கவில்லை. வண்டிக்குள் வாழ்வதைத் தடைசெய்த லொஸ் ஏஞ்சலிஸ் விதி 1983இலிருந்து இருந்தது. எது 'வாழ்வது' என்று விதியில் தெளிவே இல்லை என்று 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கியது. 2024 ஜூனில், ஒறிகன் மாநிலத்து கிராண்ட்ஸ் பாஸ் நகரத்தின் வழக்கில், பொது இடத்தில் படுப்பவர்களுக்குத் தண்டம் விதிக்கலாம் என்று உயர்நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்த்தது. அந்த நகரத்தின் விதிகளில், பூங்காவில் இரவு வண்டியை நிறுத்தித் தங்குவதும் குற்றம்.

லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் ஆட்கள் இன்னொன்றும் கட்டியிருக்கிறார்கள். ஓடித் திரிந்து வயதாகி, இனி ஓட்டமுடியாதவர்கள் தங்கள் வண்டியோடு வந்து நிற்கலாம். சாப்பாடு கிடைக்கும், வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போக ஆள் உண்டு, படுப்பது தங்கள் சொந்த வண்டியில். கார்னி தீர்ப்பின் ஒரு அடிக்குறிப்பில், தண்ணியும் மின்சாரமும் பொருத்தி ஒரே இடத்தில் நிற்கிற மோட்டார் ஹோமைப் பற்றி இப்போது முடிவு சொல்லவில்லை என்று நீதிமன்றம் விட்டுவைத்திருக்கிறது. ஆகவே சட்டப்படி பார்த்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்ட அந்தக் கிழவன் கிழவிகளின் வண்டிகள்தான் வீடாகிறதற்குக் கொஞ்சமாவது வாய்ப்பு உள்ளவை.