ஆயாக் கொட்டகை: பேரா தோட்டப்புறங்களில் பள்ளிக்கு முந்திய வயதின் வரலாறு

பேரா மாநிலத்தில் இரப்பரின் வரலாற்றை, 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ஆங்கிலேய ஆட்சிப் பிரதிநிதி ஹியூ லோ நட்ட ஒன்பது கன்றுகளிலிருந்து தொடங்குவது வழக்கம். அம்மரத்தைச் சீவிய தமிழரின் வரலாறோ கங்காணி முறை, கூலி விகிதம், தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் வழியே எழுதப்பட்டு வந்துள்ளது. இவ்விரு வரலாறுகளிலும் ஒரு வயதினர் அரிதாகவே தென்படுகின்றனர். தோட்டத்துச் செக்ரோலில் ஒருவர் பெயர் ஏறுவது உழைக்கும் வயதில். பள்ளிப் பதிவேட்டில் ஏறுவது ஏழு வயதையொட்டி. அவ்விரண்டுக்கும் முன்னர், தளர்நடை பயிலும் குழந்தை எந்த ஏட்டிலும் இல்லை. அக்குழந்தை விடியற்காலை முதல் நண்பகல் கடந்தும் எங்கிருந்தது, யாரிடமிருந்தது என்னும் வினாவுக்குத் தோட்டப்புறத் தமிழர் ஒரே சொல்லில் விடை கூறுவர்: ஆயாக் கொட்டகை.

இச்சொல்லே ஆராய்தற்குரியது. ‘ஆயா’ என்பது போர்த்துகீசிய மொழியில் செவிலியைக் குறிக்கும் ‘ஐயா’ என்னும் சொல்லினின்று பிறந்து, ஆங்கிலேயர் இல்லங்களின் வழியாக ஆசியா முழுதும் பரவியது. துரை பங்களாவில் வெள்ளைக்காரக் குழந்தையைத் தூக்கி வளர்த்தவள் ஆயா. லயத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட முதியவளுக்கும் அதே பெயர் வழங்கிற்று. ஆனால் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் பேச்சில் ‘ஆயா’ என்றால் பாட்டி. தோட்டத்துக் குழந்தை அம்முதியவளை ‘ஆயா’ என்று விளித்தபோது, அது நிருவாகம் இட்ட பணிப்பெயரா, ஊரிலிருந்து கொண்டுவந்த உறவுப்பெயரா என்று பிரித்தறிய இயலாது. இலங்கை மலையகத்தில் இத்தகைய இடத்திற்குப் ‘பிள்ளை மடுவம்’ என்று பெயர். அங்கே கட்டடம் பிள்ளையின் பெயரால் அறியப்பட, இங்கே வளர்ப்பவளின் பெயரால் அறியப்பட்டது.

கொட்டகை ஏன் தேவைப்பட்டது என்பதை மரத்தின் இயல்பைக் கொண்டே விளக்க வேண்டும். பட்டையைச் சீவியதும் பால் நன்கு வழிவது வெயில் ஏறுமுன், மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் வேளையில்தான். ஆகவே பெரட்டு இருள் பிரியுமுன் நடந்தது. ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட மரங்கள் பொதுவாக முந்நூறு முதல் ஐந்நூறு வரை இருக்கும். சீவி முடித்து, சற்று இளைப்பாறி, மங்குகளிலிருந்து பாலைச் சேகரித்து, காண்டாவில் சுமந்து சென்று நிறுத்துக் கொடுக்கும்வரை வேலை முடிந்ததாகாது. மலையும் சரிவும் நிறைந்த நிரைகளில், கொசுவுக்கும் அட்டைக்கும் நடுவே இடுப்பில் குழந்தையுடன் இவ்வேலையைச் செய்வது அரிது. வீட்டில் இருந்துவிடலாமே எனின் கூலிக் கணக்கு அதற்கு இடந்தரவில்லை. 1920களின் இறுதியில் போக்குவரவு எளிதாயிருந்த பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நியமக் கூலியாகக் கொள்ளப்பட்டன. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் வெட்டப்பட்டது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, பழைய விகிதத்தை மீட்டளிக்கப் பரிந்துரைத்தார். மனைவியின் 40 காசு குடும்பத்திற்கு உபரி வருவாயன்று. அரிசிக்கும் கடனுக்கும் இடையே நின்ற தொகை அதுவே.

எனவே கொட்டகை குழந்தையின் நலங்கருதி மட்டும் எழுந்ததன்று. தாயின் கைத்திறனைக் காலை வேளையில் தவறாது பெறுவதற்கு நிருவாகம் செய்துகொண்ட ஏற்பாடு அது. இதனை வள்ளன்மையாகச் சித்திரிக்கும் நினைவுக் குறிப்புகளை அப்படியே ஏற்பதற்கில்லை. சட்டத்தின் போக்கும் இதனை உணர்த்தும். பேரா அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத்தொகுப்பு, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பேறுகாலத்திற்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரு மாத உதவித்தொகைக்கும் வழிசெய்தது. பள்ளி ஏழு வயதில் தொடங்க, தாயின் ஓய்வோ குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததும் முடிந்துவிடுகிறது. நடுவில் கிடக்கும் ஏறத்தாழ ஏழாண்டுகளைக் கொட்டகையே நிரப்பியது.

அங்கு நிகழ்ந்ததைப் பழைய தோட்டக்காரர்கள் இன்றும் ஏறத்தாழ ஒரே வகையாகவே நினைவுகூர்கின்றனர். இருட்டோடு இருட்டாகத் தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தாய் கொண்டுவந்து விடுவாள். பலகைச் சுவரும் தகரக் கூரையும் உடைய நீண்ட கூடத்தில், உத்திரத்திலிருந்து பழஞ்சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஆயா பெரும்பாலும் மரம் வெட்ட இயலாத அளவுக்கு மூத்தவள் அல்லது கணவனை இழந்தவள். ஒரு காலால் ஒரு தொட்டிலையும் கையால் மற்றொன்றையும் ஆட்டிக்கொண்டே தவழும் குழந்தைகளை அதட்டும் அவளது திறம் கதையாகவே சொல்லப்படுவதுண்டு. கஞ்சியோ பாலோ கொடுத்தார்கள். சில தோட்டங்களில் தாய்மார் வேலைக்கிடையே வந்து முலையூட்டிச் சென்றனர். தொலைவிலுள்ள நிரைக்காரிக்கு அது வாய்க்கவில்லை. பால் கட்டிய மார்போடு மரத்துப் பாலைச் சேகரித்தவளின் நிலையை எந்த ஆண்டறிக்கையும் பதிவு செய்யவில்லை.

தாய்ப்பாலின் இடத்தை நிரப்பியது டின் பால். சீனி சேர்த்த அக்கட்டிப் பால் மலிவானது, கெடாதது. ஆனால் கைக்குழந்தைக்கு ஊட்டமற்றது. 1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் ‘பாலும் கொலையும்’ என்னும் பொருள்படும் தலைப்பில் உரையாற்றி, இப்பாலைக் குழந்தை உணவாக விளம்பரப்படுத்துவதைக் கடுமையாகச் சாடினார். தாய்ப்பால் மாற்றுணவுகளின் விற்பனையை நெறிப்படுத்தும் உலகச் சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை வெளிவருவதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள், அதாவது 1981 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

சப்பானியர் ஆட்சியில் ஆடவர் பலர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட, மரவள்ளிக் கிழங்கே குழந்தைக்கும் உணவாயிற்று. போர் முடிந்து மூன்றாண்டுகளில் மற்றொரு நெருக்கடி பேராவிலேயே தொடங்கியது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. லயங்கள் முள்வேலிக்குள் கொணரப்பட்டன. ஊரடங்கும் சோதனையும் நாளின் ஒழுங்கை மாற்றின. உணவுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் டின் உணவு காட்டுக்குள் போய்ச் சேராதிருக்க, விற்கும்போதே டின்னைத் துளையிட்டுக் கொடுக்குமாறு கடைக்காரர் பணிக்கப்பட்டனர். துளையிட்ட டின் பால் வெப்ப நாட்டில் எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தாய்மாரே அறிவர். கொரில்லாப் போரின் வரலாற்றில் இஃது ஓர் அடிக்குறிப்பு. லயத்தில் அதுவே அன்றாடச் செய்தி.

தமிழாசிரியர்கள் சிறப்பாகக் கருத வேண்டியவை இரண்டு. முதலாவது, கொட்டகை செவ்வனே நடவாத இடங்களில் அப்பணி யார் தலையில் விழுந்தது என்பது. எட்டு, ஒன்பது வயதுத் தமக்கை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் நின்றாள். தோட்டப்பள்ளிகளில் பெண் பிள்ளைகள் இடையிலேயே நின்றுவிட்டதற்கு வறுமையையும் பெற்றோரின் அறியாமையையும் காரணமாகக் கூறிவிட்டு நகர்வது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்னும் எளிய காரணமும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. கொட்டகையின் வரலாற்றை விலக்கிவிட்டுப் பள்ளியின் வரலாற்றை முழுமையாக எழுத இயலாது என்பது எம் கருத்து.

இரண்டாவது, மொழி. முதற்சொற்கள் பிறக்கும் வயதில் குழந்தை நாளில் ஏழெட்டு மணி நேரம் இருந்தது ஆயாவின் குரல் கேட்கும் தொலைவில். அக்குரலில் தாலாட்டும் விடுகதையும் வசவும் கலந்திருந்தன. சேலத்து வழக்கும் தஞ்சை வழக்கும் ஆர்க்காட்டு வழக்கும் பேசிய பெற்றோரின் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ்ப் பேசப் பழகினர். மலாய்ச் சொற்களையும் அயலாகக் கொள்ளாத ஒரு பொதுத் தோட்டத்தமிழ் உருவாவதற்கு லயமும் கோயில் திடலும் உதவியது போலவே கொட்டகையும் உதவியிருத்தல் வேண்டும். முதல் வகுப்பு ஆசிரியரிடம் வந்து சேர்ந்த தமிழ், பெருமளவில் எழுத்தறியாத ஒரு கிழவி கொடுத்தனுப்பிய தமிழாகும்.

1950களின் இறுதியிலிருந்து பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் இரப்பரின் இடத்தை எண்ணெய்ப்பனை பிடித்தது. செம்பனைக்குலை அறுவடை ஆடவர் வேலையாகவே பெரிதும் அமைந்ததால் விடியலில் தாயை அழைக்கும் தேவை குறைந்தது. அயல்நாட்டுத் தொழிலாளரும் வந்தனர். குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங் முதலிய பகுதிகளுக்கும் புதுக் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்தன. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு வயதுக்குட்பட்டோருக்கான காப்பகம் குறித்துப் பேசத்தான் செய்கிறது. ஆயின் அச்சட்டம் எட்டும் எல்லைக்குள் தமிழ்க் குழந்தைகள் வெகுவாகக் குறைந்துவிட்டனர். நகரத்துக் காப்பகங்களைப் பதிவுசெய்ய வகைசெய்யும் 1984ஆம் ஆண்டுச் சட்டம், தரத்தை வரையறுக்கிறதே தவிர, வேலைக்குச் செல்லும் தாயின் வீட்டருகே ஒரு காப்பகம் இருந்தே தீர வேண்டும் என்று கூறுவதில்லை. 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு 2023 முதல் 98 நாளாக உயர்ந்திருப்பது உண்மை. அந்த 98 நாளுக்கும் பாலர் பள்ளிக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் மட்டும் பழையபடியே கிடக்கின்றன.

பேராவில் இன்று 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பலவற்றில் பாலர் வகுப்பு நடைபெறுகிறது. அங்கு வந்து சேரும் குழந்தைகளின் முதல் நான்காண்டுகள் தொலைக்காட்சியின் முன்னும் கைப்பேசியின் முன்னும் வேற்றுமொழி பேசும் காப்பகங்களிலும் கழிகின்றன; நல்வாய்ப்பிருந்தால் பாட்டியிடம். ஜெலப்பாங், மெங்லெம்பு தொழிற்பேட்டைகளுக்கு முறைவேலைக்குச் செல்லும் மருமகளின் பிள்ளையை அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் அம்மூதாட்டியர் சிலர், தாமே கொட்டகைத் தொட்டிலில் கிடந்து வளர்ந்தவர்கள். தோட்டத்து ஆயாவின் பெயர் செக்ரோலில் இருந்தது, அவளுக்கு நாட்கூலியும் கிடைத்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.