நடுகல்லும் விளையாட்டரங்கும்

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, பெண்ணாடத்திலும் நாம் கல்லறைகளைத் தூய்மை செய்து, பூமாலை சார்த்தி, மெழுகுதிரி ஏற்றுகிறோம். இறந்தோருக்குக் கல் எழுப்புவது தமிழர்க்குப் புதிதன்று. போரில் வீழ்ந்த மறவனுக்கு நடுகல் நாட்டிய குடி நம் குடி. முதல் உலகப் போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரருக்கெனப் புதுச்சேரிக் கடற்கரையில் 1938-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னமும் அவ்வழியில் வந்ததே.

அதே போரில் மாண்ட தன் நாட்டு வீரருக்கு அமெரிக்காவின் சிக்காகோ நகரம் வேறு வகையில் நினைவு எழுப்பியது. மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு பெரும் விளையாட்டரங்கையே நினைவாலயமாகக் கட்டியது. பண்டைய கிரேக்கக் கோவில்களை ஒத்த தூண்வரிசைகள் இருபுறமும் நிற்க, 1924-இல் அது திறக்கப்பட்டது. போரில் மைந்தரை இழந்த தாய்மார் வேண்டிக்கொள்ள, போர் ஓய்ந்த நாளாகிய நவம்பர் 11-இல், 1925-ஆம் ஆண்டு, ‘சோல்ஜர் ஃபீல்டு’, அதாவது ‘படைவீரர் திடல்’ எனப் பெயர் பெற்றது.

மாண்டோர் நினைவிடத்தில் பந்தாட்டமும் ஆரவாரமும் தகுமா என்னும் ஐயம் நமக்கு எழலாம். கட்டணம் செலுத்தி ஆட்டம் காண வருவோருள் எத்தனை பேர் அவ்வீரரை எண்ணுகின்றனர்? ஆயினும் அத்திடலின் வரலாறே ஒரு விடை தருகிறது. 1926 ஜூனில் 28-ஆம் அனைத்துலக நற்கருணை மாநாடு நடைபெற்றபோது, 62,000 சிறுவர் சிறுமியர் அங்கே ஒருமித்துத் திருப்பலிப் பாடல்களைப் பாடினர். 1966-இல் கறுப்பின மக்களின் வீட்டுரிமைக்காக மார்ட்டின் லூத்தர் கிங் அங்கே முழங்கினார்.

எல்லாவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது 1968 ஜூலை 20-ஆம் நாள் நிகழ்ந்தது. யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்னும் கத்தோலிக்கப் பெண்மணி, அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான முதல் ‘ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்’ போட்டிகளை அன்று அங்கே தொடங்கி வைத்தார். அவருடைய மூத்த அண்ணன் 1944-இல் போரில் மடிந்தவர். மற்றோர் அண்ணனாகிய ஜனாதிபதி கென்னடி 1963-இல் கொல்லப்பட்டார். தம்பி ராபர்ட் கொல்லப்பட்டு ஆறு வாரங்களே கடந்திருந்தன. அக்காள் ரோஸ்மேரி சிறுவயது முதலே அறிவு வளர்ச்சி குன்றியவர். இருக்கைகள் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடந்த அரங்கில் ஏறத்தாழ 1,000 பேர் ஓடினர், நீந்தினர், வென்றனர்.

தூண்வரிசைகளை விட்டு உள்ளரங்கம் இடிக்கப்பட்டு, 2003-இல் புதிதாய்த் திறக்கப்பட்டது. அதனால் 2006-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்னும் தகுதியை அது இழந்தது. கட்டடத்தின் பெருமை குன்றியது. அங்கே தொடங்கிய ஓட்டமோ, நம் நாடு உட்பட 170-க்கு மேற்பட்ட நாடுகளில் தொடர்கிறது.

நம் பங்குகளிலும் இத்தகைய பிள்ளைகள் உண்டு. பங்கின் விளையாட்டு விழாவன்று அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வரும் பெற்றோரை நாம் அறிவோம். அழைக்க மறந்தவர்களும் நாமே. இறந்தோர் கல்லறைக்குச் சலவைக்கல் பதிக்க எண்ணுவோர், அவர் பெயரால் இப்பிள்ளைகளுக்கும் ஓர் ஓட்டப்பந்தயம் நடத்தலாமே! மெழுகுதிரி அணைந்த பின்பும் அந்நினைவு ஓடிக்கொண்டிருக்கும்.