அபினிச் செடியும் நம் இதயமும்: ஒரு பழைய கேள்விக்குப் பதில்



பல வருடங்களுக்கு முன் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "சார், எங்கேயோ விளையிற அபினி நம்ம உடம்புல எப்படி சார் வேலை செய்யுது?" எனக்குத் தெரியவில்லை. "உட்காருடா" என்றேன். அந்தக் கடன் இன்னும் உறுத்துகிறது.

1973-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாலமன் ஸ்னைடரும் அவருடைய ஆய்வு மாணவி கேண்டஸ் பெர்ட்டும், அபினிச் சத்து போய் ஒட்டும் ஏற்பிகள் மூளையில் இருப்பதைக் காட்டினார்கள். சாவி செடியில், பூட்டு நமக்குள்! (1978-இல் லாஸ்கர் விருது ஸ்னைடருக்குக் கிடைத்தது, பெர்ட்டுக்கு இல்லை. அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். எதிர்த்தது சரி என்பதே இந்த வாத்தியாரின் கட்சி.)

அப்படியானால் உடம்பே செய்யும் சாவி ஒன்று இருக்க வேண்டுமே? அதைத் தேடியவர் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ். பெர்லினில் பிறந்தவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் 1934-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குப் போனவர். 70 வயதில் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். என்னைப் போல ஈஸிசேரில் சாயாமல் புதிய ஆய்வுக்கூடம் தொடங்கினார். அவரும் ஜான் ஹியூஸும் பன்றி மூளையிலிருந்து 1975-இல் பிரித்தெடுத்த பொருளுக்கு 'என்கெஃபலின்' என்று பெயர். கிரேக்க மொழியில் 'தலைக்குள்' என்று பொருள். ஆனால் இதயத் தசையும் அதைத் தயாரிக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

மாரடைப்பில் அடைப்பை நீக்காவிட்டால் தசை சாகும். நீக்கினாலோ, திரும்பிப் பாயும் ரத்தமே கொஞ்சம் தசையைச் சாகடிக்கும். காய்ந்த வயலுக்கு மடையை ஒரேயடியாகத் திறந்தால் வரப்பு உடைவதில்லையா, அதுபோல. 1986-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் நாய்களின் இதய ரத்தக்குழாயை 5 நிமிடம் அடைப்பதும் 5 நிமிடம் திறப்பதுமாக 4 முறை செய்தார்கள். பிறகு 40 நிமிட அடைப்பு. இப்படிப் பழக்காத இதயங்களோடு ஒப்பிட்டால், செத்த தசை கால் பங்குதான்!

ஏன்? 1995-இல் மில்வாக்கியில் காரெட் கிராஸ் குழுவினர் எலிகளுக்கு நலாக்சோன் என்ற, ஓபியாய்டு ஏற்பிகளை மறிக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. மறு வருடம் திருப்பிச் செய்தார்கள்: பழக்குவதற்குப் பதில் முன்கூட்டியே மார்ஃபின். இதயம் தப்பியது. அபினிப் பூட்டு இதயத்திலும் இருந்தது.

மனிதர்களிடம் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. மாரடைப்பு முன்னறிவிப்போடு வருவதில்லை. அதோடு மார்ஃபின் குடலை மந்தமாக்குவதால், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் உடம்பில் சேரத் தாமதமாகிறது.

இதய வார்டில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் யாராவது, இப்போது மார்ஃபினை எப்போது கொடுக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். கேள்வி கேட்டவனே, நீ இதைப் படித்தால் உன் பெயரையும் எழுதப்பா.