1900-இல் பிப்ரவரி 29 உண்டா?

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி ஒரு சாயங்காலம் மடிக்கணினியைப் படக்கென்று மூடிவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது தாத்தா" என்றாள். வயது 12. கண் கலங்கியிருந்தது.

பைத்தான் பழகுகிறாள். ஆன்லைனில் ஒரு பயிற்சி. ஓர் ஆண்டைக் கொடுத்தால் அது லீப் வருடமா என்று நிரல் சொல்ல வேண்டும். அவள் எழுதியது 2023, 2024, 2000 மூன்றுக்கும் சரியாகச் சொன்னது. 1900-க்கு மட்டும் சிவப்பு.

"நாலால வகுத்தா மீதி வரக்கூடாது, அவ்வளவுதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆமாம், நான்தான் சொன்னேன். கருவூலத்தில் 34 வருடம் கணக்குப் பார்த்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டாள். தப்பு அவளுடையது அல்ல என்று புரியவைக்க, கதையை முதலிலிருந்து சொன்னேன்.

நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் கூட்ட வேண்டும் என்ற ஏற்பாடு, கி.மு. 45-இல் நடப்புக்கு வந்த ஜூலியஸ் சீசரின் நாட்காட்டியில் உள்ளது. சீசர் இறந்தபின், அதை நடத்த வேண்டிய ரோமானியப் பூசாரிகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூட்டிவிட்டார்கள்! தொடங்கும் ஆண்டையும் சேர்த்து எண்ணுவது அவர்கள் வழக்கம். பதினாறாம் நாள் காரியத்துக்கு நாம் இறந்த நாளையும் சேர்த்து எண்ணுகிறோமே, அதுபோல. பின்னால் அகஸ்டஸ் சில லீப் வருடங்களை விட்டுவிட்டுத்தான் சரிசெய்தார். ஒன்று கூடிப்போவதும் குறைந்துபோவதும் இன்றைக்கும் நிரல் எழுதுகிறவர்களுக்குப் பழகிய பிழைதான்.

அதற்குப் பிறகும் சிக்கல் தீரவில்லை. 365¼ நாள் என்பது உண்மையான ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் அதிகம். 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். 1582-க்குள் பிசகு 10 நாளாகிவிட்டது. போப் 13-ஆம் கிரகோரி, அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 ஆக்கினார். இனிப் பிசகாமலிருக்க 400 ஆண்டுக்கு மூன்று லீப் வருடங்களைக் குறைத்தார். நூறால் வகுபடும் ஆண்டு லீப் அல்ல; 400-ஆல் வகுபட்டால் மட்டும் லீப். பிரிட்டன் 1752-இல்தான் இதற்கு இறங்கி வந்தது.

பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு நூறின் விதியைச் சேர்த்தாள். 1900 பச்சையானது, இப்போது 2000 சிவப்பு! "400-ஐ முதல்ல கேளும்மா, அப்புறம் 100, கடைசியா 4" என்றேன். எல்லாம் பச்சை.

இன்னொன்றும் காட்டினேன். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய கணக்கு மென்பொருள் 1900-ஐ லீப் வருடமாக எடுத்துக்கொண்டது. அதனோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செல்லும் அந்தப் பிழையை அப்படியே வைத்துக்கொண்டது. 1900 பிப்ரவரி 29 என்று அடித்துப் பார்த்தாள். எக்செல் ஏற்றுக்கொண்டது. அப்போதுதான் சிரித்தாள்.

அன்றிரவு எனக்கு ஒன்று தோன்றியது. 1901 முதல் 2099 வரை நான்கின் விதி ஒருமுறைகூடத் தவறாது. நடுவில் வந்த 2000-மும் 400-ஆல் வகுபட்டுவிட்டது. என் அப்பாவுக்கோ எனக்கோ என் மகனுக்கோ அந்த விதி ஒருநாளும் பொய்த்ததில்லை. அரைகுறையாகத் தெரிந்ததை முழுசு என்று நினைத்தே நான் ரிட்டயர் ஆகிவிட்டேன்.

2100-இல் அவளுக்கு 88 வயதிருக்கும். அந்த ஆண்டு பிப்ரவரி 28-க்கு மறுநாள் மார்ச் 1. தாத்தா முதலில் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததை அன்றைக்கு நினைத்துக்கொள்வாள்.